பல வருடங்களாக நிறுத்தி வைத்த பழைய காரை மறுபடியும் ஓட வைப்பது எப்படி?

அப்பா ஓட்டிய, கார்புரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்குக் கொடுக்கும் பாகம்) உள்ள கார் பதினைந்து வருடமாக ஷெட்டிலேயே நிற்கிறது, புது பேட்டரி வாங்கிவிட்டேன், மாட்டி ஸ்டார்ட் செய்து பார்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து இப்போதைக்கு பேட்டரியை மாட்டாதீர்கள். இந்த மாதிரிக் கார்கள் பெரும்பாலும் பிழைத்துவிடும். ஆனால் ஆசைப்பட்டு முதல் நாளே சாவி போடுவதுதான் நல்ல எஞ்சினைக் கெடுக்கிறது.

வருடக்கணக்கில் நின்ற எஞ்சினில், சிலிண்டர் சுவரில் இருந்த ஆயில் முழுக்க கீழே இறங்கியிருக்கும். பிஸ்டன் ரிங்குகள் லேசான துருவில் சுவரோடு ஒட்டியிருக்கலாம். கையால் சுற்றினால் எங்கே இறுக்குகிறது என்று தெரியும், நிறுத்திக்கொள்வோம். செல்ஃப் மோட்டாருக்கு அது தெரியாது, முரட்டுத்தனமாக இழுக்கும். ரிங் உடையலாம், சுவரில் கோடு விழலாம்.

அதனால் முதலில் ஸ்பார்க் பிளக்குகளைச் சுற்றியிருக்கும் தூசியை ஊதிவிட்டு அவற்றைக் கழற்றுங்கள். ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் இரண்டு ஸ்பூன் எஞ்சின் ஆயில் விட்டு, ஓரிரு நாள் ஊற விடுங்கள். பிறகு கியரை நியூட்ரலில் வைத்து, கிராங்க் புல்லி நட்டில் ஸ்பேனர் போட்டு, எஞ்சின் வழக்கமாகச் சுற்றும் திசையிலேயே மெதுவாகத் திருப்புங்கள். அசையவில்லையா? ஸ்பேனருக்குக் குழாய் மாட்டி பலம் காட்ட வேண்டாம். இன்னும் ஆயில் விட்டுக் காத்திருங்கள். சுற்ற ஆரம்பித்ததும் வால்வு மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு முழுதாக இரண்டு சுற்று சுற்றினால், எல்லா வால்வும் ஒருமுறை திறந்து மூடும். கீழே போன ஸ்பிரிங் திரும்ப மேலே வராவிட்டால் அந்த வால்வு ஒட்டியிருக்கிறது என்று அர்த்தம்.

அடுத்தது பெட்ரோல். டேங்கில் இருக்கும் பழைய பெட்ரோலில் ஒரு சொட்டுகூட எஞ்சினுக்குப் போகக் கூடாது. சீக்கிரம் ஆவியாகும் பகுதி எப்போதோ போயிருக்கும், மிச்சம் பிசினாக மாறியிருக்கும். எத்தனால் கலந்த பெட்ரோல் என்றால் ஈரத்தையும் இழுத்து, தண்ணீரும் எத்தனாலும் பிரிந்து டேங்கின் அடியில் தங்கி, தகரத்தைத் துருப்பிடிக்க வைத்திருக்கும். டேங்கைக் கழற்றிக் கழுவும்வரை, ஒரு சின்ன கேனில் புது பெட்ரோல் வைத்து தனிக் குழாயில் கொடுப்பதுதான் நல்லது. பழைய ரப்பர் பெட்ரோல் பைப்புகள் பார்க்க நன்றாக இருந்தாலும் மாற்றிவிடுங்கள். சூடான எஞ்சின் மேல் அது கசிந்தால் தீ பிடிக்கும். தீயணைப்பான் ஒன்று கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

கார்புரேட்டர் கழற்றுவது எனக்கு மிகவும் பிடித்த வேலை. ஃப்ளோட் (பெட்ரோல் மட்டத்தைக் காக்கும் மிதவை) இருக்கும் கிண்ணத்தைத் திறந்தால், அடியில் தேன் நிறத்தில் ஒரு படலம் காய்ந்து கிடக்கும், பழைய வார்னிஷ் வாடை அடிக்கும். ஜெட்டை (பெட்ரோல் போகும் நுண்ணிய துளை உள்ள பித்தளைத் துண்டு) வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள்: துளை வட்டமாகத் தெரிய வேண்டும், பிறை மாதிரி தெரிந்தால் பாதி அடைத்திருக்கிறது. கம்பியை விட்டுக் குத்தாதீர்கள். பித்தளை மென்மையானது, துளை பெரிதாகிவிட்டால் அப்புறம் எந்த டியூனிங்கும் நிற்காது. கார்புரேட்டர் கிளீனரில் ஊற வைத்து, காற்றடித்தால் போதும்.

ஸ்பார்க் பெரிய விஷயமில்லை. டிஸ்ட்ரிபியூட்டர் (ஒவ்வொரு பிளக்குக்கும் மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் பாகம்) உள்ளே திறந்து மூடும் பாயின்டில் படிந்திருக்கும் சாம்பல் நிறப் படலத்தை மெல்லிய உப்புத்தாளால் தேய்த்து, உங்கள் காரின் புத்தகத்தில் சொன்ன இடைவெளி வையுங்கள். பல கார்களில் அது 0.4 மி.மீ.க்குப் பக்கத்தில் இருக்கும். பேட்டரி மாட்டும்போது மட்டும் கவனம்: 1960கள் வரை வந்த பல பிரிட்டிஷ் கார்களில் பாடியோடு இணைவது பாசிட்டிவ் முனை.

இப்போதும் பிளக்குகளை மாட்ட வேண்டாம். ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றி, ஸ்பார்க் வராதபடி இக்னிஷன் காயில் வயரைக் கழற்றிவிட்டு, செல்ஃபைச் சற்று இடைவெளி விட்டு அடியுங்கள். டாஷ்போர்டில் ஆயில் பிரஷரைக் காட்டும் விளக்கு அணைந்த பிறகு பிளக்கையும் காயில் வயரையும் மாட்டி, திறந்த வெளியில் ஸ்டார்ட் செய்யுங்கள். ஷெட்டுக்குள் கார்பன் மோனாக்சைடு தேங்கும். நீங்கள் விட்ட ஆயில் எரிவதால் ஆரம்பத்தில் புகை மண்டும், பயப்படாதீர்கள். ஆயில் விளக்கு மறுபடி எரிந்தால் மட்டும் உடனே அணைத்துவிடுங்கள்.

எஞ்சின் ஓடிவிட்டால் ரோட்டுக்கு எடுக்கக் கை துறுதுறுக்கும். பிரேக் வேலை முடியாமல் ஒரு அடிகூட நகர்த்த வேண்டாம். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். பதினைந்து வருட ஈரத்தில் வீல் சிலிண்டருக்குள் துரு ஏறி, ரப்பர் கப்புகள் கெட்டிருக்கும். பெடல் முதலில் கெட்டியாகத்தான் இருக்கும், அதை நம்பக் கூடாது. பலமாக மிதிக்கும்போது மாஸ்டர் சிலிண்டர் கப் கிழிந்து பெடல் தரையைத் தொடும். வெறுமனே பிரேக் ஆயிலை மாற்றி, உள்ளே இருக்கும் காற்றை எடுத்தால் போதாது. சக்கரத்துக்குப் போகும் ரப்பர் ஓஸ்களும் உள்ளே வீங்கியிருக்கும், மிதித்தால் பிடிக்கும், காலை எடுத்தாலும் விடாது. கப், ஓஸ் எல்லாமே புதிதாகட்டும். செலவைக் குறைக்க வேறு இடம் பாருங்கள்.

டயரில் பட்டன் எவ்வளவு மிச்சம் இருந்தாலும், ரப்பர் பழசாகிவிட்டதால் மாற்றித்தான் ஆக வேண்டும். எப்போது செய்த டயர் என்று பார்க்க, பக்கவாட்டில் 2309 என்பது போல நான்கு இலக்கம் இருக்கும், அப்படியென்றால் 2009ஆம் வருடத்தின் 23ஆவது வாரம் செய்த டயர். கிளட்ச் பிளேட் ஒட்டிக்கொண்டு கியர் விழவில்லை என்றால், அதற்கு வழி எந்த மாடல் என்பதைப் பொறுத்தது. கமெண்டில் மாடலையும் வருடத்தையும் எழுதுங்கள், சொல்கிறேன்.