பன்றி வசியப் பொடிக்கு 45 வெள்ளி கொடுக்கலாமா?

கேள்வி: எங்கள் தோட்டத்தில் காட்டுப்பன்றித் தொல்லை அதிகம். என் அண்ணனிடம் துப்பாக்கி உரிமமும் வேட்டை உரிமமும் இருக்கின்றன. உதிர்ந்த செம்பனைப் பழத்தை ஓரிடத்தில் குவித்து வைத்துப் பார்த்தோம், ஒரு பன்றிகூட வாய் வைக்கவில்லை. இணையத்தில் ஸ்ட்ராபெரி வாசனையுள்ள 'வசியப் பொடி' அரை கிலோ 45 வெள்ளிக்கு விற்கிறார்கள். வாங்கலாமா?
– வாசகர், பகாவ்

பதில்: வாங்க வேண்டாம். இத்தகைய பொடிகளில் பெரும்பாலும் இருப்பது சர்க்கரையும் வாசனைப் பொருளும்தான். வாசனை பன்றியை வரவழைக்கும், ஆனால் தின்ன ஒன்றும் இல்லாவிட்டால் மறுநாள் அது திரும்பாது. அதே காசுக்குத் தீவனக் கடையில் 15 கிலோ முழுச் சோளமாவது கிடைக்கும்.

செம்பனைப் பழம் ஏன் எடுபடவில்லை என்பதில்தான் விஷயமே இருக்கிறது. காய்க்கும் தோட்டத்தில் ஒவ்வொரு மரத்தடியிலும் உதிரிப் பழம் கிடக்கிறது. உங்கள் ஊருக்குப் பக்கத்திலுள்ள பாசோ காட்டுப் பன்றிகள் தோட்டத்துப் பழத்தைத் தின்றே பெருகுகின்றன என்று ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். எங்கும் கிடைப்பதைத் தேடி அது ஏன் உங்கள் குவியலுக்கு வர வேண்டும்? மறுநடவு செய்த பிளாக்கில் நிலைமை வேறு. கன்று நட்டு ஏறக்குறைய 30 மாதம் காய்ப்பு இருக்காது, அங்கே பழுத்த உதிரிப் பழமே நல்ல இரை. காய்க்கும் பகுதியில் மரத்தடியில் கிடைக்காத ஒன்று வேண்டும், அதுவும் தூரத்திலேயே மூக்கில் ஏற வேண்டும். அதற்குப் புளிக்க வைத்த சோளத்தை மிஞ்ச ஒன்றுமில்லை.

20 லிட்டர் பெயிண்ட் வாளியில் பாதிக்கு, சுமார் 7 கிலோ முழுச் சோளம் போடுங்கள். உடைத்த சோளம் மண்ணோடு கலந்து எறும்புக்குத்தான் போகும். அரை கிலோ சர்க்கரை, ரொட்டிக்குப் போடும் ஈஸ்ட் ஒரு சின்னப் பாக்கெட், சோளத்துக்கு மேல் நான்கு விரல் நிற்குமளவு தண்ணீர். மூடியை அழுத்தி மூடாதீர்கள், வாயு சேர்ந்து மூடி தெறிக்கும். நிழலில் வையுங்கள். சோளம் ஊறி உப்பும்போது தண்ணீர் கீழே இறங்கும். அப்போது மேலே ஊற்றாமல் விட்டால், தண்ணீருக்கு வெளியே நிற்கும் மணியில் பூஞ்சணம் பிடிக்கும். நம் வெயிலுக்கு மூன்று, நான்கு நாளில் புளித்த கள்ளு மாதிரி வாடை வரும். பச்சையாகவோ கறுப்பாகவோ படர்ந்திருந்தால் வாளியோடு கொட்டிவிடுங்கள்.

இதைத் தரையில் பரப்பினால் பகலில் குரங்கு தின்றுவிடும். பன்றித் தடத்திலோ, அது புரளும் சேற்றுக்குழிக்குப் பக்கத்திலோ ஒரு சாண் அகலத்தில், முழங்கால் ஆழத்தில் மூன்று குழி தோண்டி, குழிக்கு இரண்டு கிலோ போட்டு மண்ணால் மூடுங்கள். ஊறிய தண்ணீரைச் சுற்றிலும் தெளியுங்கள். பன்றி மூக்கால் கிளறி எடுக்க நேரமாகும், குரங்கு அவ்வளவு தோண்டாது. இளங்கன்றுக்குப் பக்கத்தில் மட்டும் குழி வேண்டாம், கிளறுகிற வேகத்தில் கன்றும் போய்விடும்.

முதல் இரவே எதிர்பார்க்காதீர்கள். அதே இடத்தில் ஒரு வாரமாவது விடாமல் வையுங்கள். ஓரிரவில் தின்று தீர்ப்பதற்கு மேல் வைத்தால், வயிறு நிறைந்த பன்றி நினைத்த நேரத்துக்குத்தான் வரும். இடத்தை மாற்றிக்கொண்டே இருப்பவர்களுக்கு எந்த இரையும் பலிப்பதில்லை.

கனிந்த பலா, பலா இனத்துப் பழமான செம்பெடாக் ஆகியவற்றின் வாசனையும் நன்றாக இழுக்கும். ஆனால் காட்டோரத்தில் அதே வாசனைக்கு யானையும் கரடியும் வரும். இரண்டும் முழுப் பாதுகாப்பு பெற்றவை. மரவள்ளி பரவாயில்லை, தனியாக வைத்தால் மந்தம். சோளத்தில் டீசல் ஊற்றினால் மற்ற பிராணிகள் தொடாது என்று அமெரிக்கப் பாணியில் சொல்வார்கள். தோட்டத்துக் கால்வாயில் எண்ணெய் மிதக்கும், அதெல்லாம் நமக்கு வேண்டாம்.

இரையில் விஷம் கலப்பதும் கண்ணி வைப்பதும் 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். உரிமத்தில் எழுதியிருக்கும் நேரம், இடம், எண்ணிக்கை ஆகியவற்றை பெர்ஹிலித்தான் (வனவிலங்குத் துறை) அலுவலகத்தில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். தோட்ட நிர்வாகத்தின் எழுத்துப்பூர்வ அனுமதியும் கையில் இருக்கட்டும்.

கேள்வி: கல்யாண வீட்டிலும் ஒட்டுக்கடையிலும் மிஞ்சும் சாப்பாட்டை இரையாக வைக்கலாமா? செலவே இல்லையே.

பதில்: செலவு வேறு வழியில் வரும். ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் 2021இல் மலேசியாவுக்குள் வந்துவிட்டது. அந்தக் கிருமி சரியாக வேகாத பன்றி இறைச்சியிலும் உப்புக்கண்டத்திலும் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். எச்சில் வாளியில் ஒரு துண்டு கிடந்தாலே காட்டுப்பன்றிக்குப் போய், அங்கிருந்து பண்ணைக்கும் போகலாம். மனிதருக்கு அது தொற்றாது, பன்றிக்கு மருந்தும் கிடையாது. காட்டில் பன்றி செத்துக் கிடந்தால் தொடாமல் கால்நடை சேவைத் துறைக்குச் சொல்லுங்கள்.

கேள்வி: நான் ஏற்கெனவே அந்தப் பொடியை வாங்கிவிட்டேன். 'ஒரே இரவில் பன்றி உறுதி' என்று போட்டிருந்தார்கள், ஒன்றும் வரவில்லை. பணம் திரும்பக் கிடைக்குமா?

பதில்: அந்த விளம்பர வாசகத்தை முதலில் படம்பிடித்து வையுங்கள், விற்பவர் நாளையே அழித்துவிடலாம். பாக்கெட், ரசீது, உரையாடல் எல்லாம் வேண்டும். விற்பவரிடமும் தளத்திடமும் எழுத்தில் கேளுங்கள். மறுத்தால், சொந்த உபயோகத்துக்கு வாங்கிய பொருளுக்குப் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றம் இருக்கிறது. பதிவுக் கட்டணம் 5 வெள்ளி, 50,000 வெள்ளி வரை கோரலாம், வழக்கறிஞர் தேவையில்லை. 'வரவில்லை' என்று மட்டும் சொன்னால் நிற்காது. எங்கே, எத்தனை நாள், எவ்வளவு வைத்தீர்கள் என்பதைத் தேதியோடு எழுதிக்கொண்டு போங்கள்.