மூன்று ஆறுகள் சேரும் ஊர்

அன்புள்ள ஐயா,

நான் சில வருடங்களாக டெக்சஸின் சான் அன்டோனியோவில் வேலை பார்க்கிறேன். போன மாதம் அலுவலக நண்பர் ஒருவர் தன் பாட்டியைப் பார்க்கத் தெற்கே ஒரு சின்ன ஊருக்கு என்னையும் அழைத்துப் போனார். பாட்டிக்குத் தொண்ணூறை ஒட்டிய வயது. இரண்டாம் உலகப் போர் முடிந்தபோது பள்ளிக்கூடச் சிறுமி. அந்தக் காலத்து ஊர் வாழ்க்கையைப் பற்றி ஆசை ஆசையாகப் பேசினார். யாரும் கதவைப் பூட்டியதில்லை, சனிக்கிழமை ஆனால் மொத்த ஊரும் கடைத்தெருவில் இருக்கும், ஒரு வீட்டில் சாவு விழுந்தால் அந்த வீட்டில் வாரக்கணக்கில் அடுப்பு மூட்ட வேண்டியிருக்காது, ஊரே சமைத்துக் கொண்டுவந்துவிடும் என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. போன வருடம் அப்பா ஊரில் இறந்தபோது விசா சிக்கலால் போக முடியவில்லை. எல்லாவற்றையும் வீடியோவில்தான் பார்த்தேன். என் பக்கத்து வீட்டுக்காரருக்கு அது இன்றுவரை தெரியாது.

டிவியும் மொபைலும்தான் அந்த வாழ்க்கையை அழித்தனவா? அப்படி ஒரு சமூகத்தை நாம் மறுபடி உண்டாக்க முடியாதா? அந்தக் காலத்தைப் பற்றித் தெரிந்துகொள்ள எங்கே தொடங்கலாம்?

க., சான் அன்டோனியோ

அன்புள்ள க.,

அப்பா போனதை நடுவில் இரண்டு வரியில் எழுதிவிட்டு டிவிக்கும் மொபைலுக்கும் போய்விட்டீர்கள். அந்த இரண்டு வரிதான் கடிதம் என்று எனக்குப் பட்டது. மகன் தூரத்தில் இருந்து திரையில் பார்ப்பது எத்தனை பெரிய துயரம் என்று அருகில் இருந்தவர்களுக்குத் தெரியாது. சடங்கில் கைகால்களுக்கு வேலை இருக்கும். தண்ணீர் எடுக்க, தோள் கொடுக்க, வந்தவரை உட்காரவைக்க. உங்களுக்கு எந்த வேலையும் இல்லாமல் போய்விட்டது. அது இன்னும் உள்ளே அப்படியே கிடக்கிறது என்று நினைக்கிறேன்.

சரி, கேள்விக்கு வருகிறேன். டிவி, மொபைல் என்பதை முதலில் தள்ளிவைத்துவிடுங்கள். யார் எதைப் பற்றிக் கேட்டாலும் இந்த இரண்டையும் கொண்டுவந்து நிறுத்துவது யோசிக்கச் சோம்பல்படுகிறவர்களின் பழக்கம். மொபைல் வருவதற்குப் பல பத்தாண்டுகள் முன்பே அந்த ஊர்கள் காலியாகத் தொடங்கிவிட்டன. 1949ஆம் ஆண்டை மட்டும் எடுத்துப் பாருங்கள். அந்த ஒரே வருடத்தில் டெக்சஸ் சட்டமன்றம் இரண்டு சட்டங்கள் போட்டது. ஒன்று, பண்ணையிலிருந்து சந்தைக்குத் தார்ச் சாலை போட வருடத்துக்கு ஒன்றரைக் கோடி டாலர் ஒதுக்கிய கோல்சன் பிரிஸ்கோ சட்டம். இன்னொன்று பள்ளிகளைச் சீரமைத்த கில்மர் ஐகின் சட்டங்கள். பள்ளிகளை நடத்தும் நிர்வாகப் பகுதிகளான பள்ளி மாவட்டங்கள் 4,500இலிருந்து 2,900 ஆகச் சுருங்கின. இரண்டுமே நல்ல நோக்கத்தில் வந்தவை. சேற்றில் சிக்காமல் பருத்தி வெளியே போனது, பிள்ளைகளுக்கு வருடத்தில் ஒன்பது மாதம் படிப்பு கிடைத்தது. ஆனால் பருத்தி போன சாலையிலேயே ஆட்களும் பெரிய ஊருக்குப் போனார்கள். பள்ளி மூடிய ஊரில் பள்ளிப் பையன்கள் வெள்ளிக்கிழமை இரவு ஆடும் அமெரிக்க ஃபுட்பால் ஆட்டமும் போயிற்று. பதினோரு பையன்கள் தேறாத பள்ளிகள் அங்கே ஆறு பேர் ஆடும் ஃபுட்பால் என்று ஒன்றை வைத்து ஆடிவந்தன. பள்ளியே போனபிறகு எந்த ஆட்டத்தைப் பார்க்க ஊர் கூடும்?

அப்புறம் வறட்சி. 1950இல் தொடங்கி 1957 மழை வரும்வரை நீடித்தது. மாநிலத்தில் கவுன்ட்டி என்கிற நிர்வாகப் பகுதிகள் 254. அவற்றில் 244 பேரிடர்ப் பகுதியாக அறிவிக்கப்பட்டன. அதோடு டிராக்டர். பத்துக் குடும்பம் செய்த வேலையை ஒரு குடும்பம் செய்தால் மற்ற ஒன்பதும் எங்கே போகும்? ஹூஸ்டனுக்கும் டல்லாஸுக்கும்தான். இதற்கு மேல் அந்தக் கேள்வியில் ஒன்றும் இல்லை.

பாட்டி சொன்ன கதவுக்கு வருவோம். ஏர்கண்டிஷனர் இல்லாத காலத்தில் தெற்கு டெக்சஸின் ஆகஸ்ட் மாதத்தில் கதவைச் சாத்திக்கொண்டு வீட்டுக்குள் உட்கார முடியாது. எல்லோரும் வராந்தாவில்தான் இருந்தாக வேண்டும். 1935இல் டெக்சஸ் பண்ணைகளில் நூற்றில் மூன்றில்கூட மின்சாரம் கிடையாது. கூட்டுறவுச் சங்கங்கள் கம்பி இழுத்து, போர் நடுவில் நிறுத்திவைத்து, போருக்குப் பிறகுதான் பெரும்பாலான வீடுகளுக்கு விளக்கு போய்ச் சேர்ந்தது. அதற்கு முன்னால் பெண்கள் கிணற்றிலிருந்து வாளி வாளியாகத் தண்ணீர் இறைத்து, விறகடுப்பில் இரும்பைக் காயவைத்துத் துணி தேய்த்தார்கள். தொலைபேசி இருந்த இடத்தில் ஒரே கம்பியில் பல வீடுகள். ஒரு வீட்டுக்கு மணி அடித்தால் மற்ற வீட்டிலும் எடுத்துக் கேட்கலாம். சாவுச் செய்தி கால் மணி நேரத்தில் ஊருக்கெல்லாம் தெரிந்ததற்கு அதுவும் காரணம். ஒருவர் இல்லாமல் ஒருவருக்கு நாள் நகராது என்ற நிலையில் உண்டான நெருக்கம் அது. அதைக் குறைத்துச் சொல்லவில்லை. சாவு வீட்டுக்கு ஒரு பாத்திரம் கோழிக்குழம்பு கொண்டுபோகிறவர் மனதில் என்ன நினைத்தால் என்ன, குழம்பு போய்ச் சேர்ந்ததே, அது பெரிய காரியம்.

ஆனால் க., அந்தப் பாட்டி ‘ஊரே’ என்று சொன்னபோது நீங்கள் தலையாட்டிவிட்டு வந்துவிட்டீர்கள். அதைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. வயதானவர்கள் பேசினால் பக்தனைப் போலக் கேட்பது மரியாதை என்று நமக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். ஒரு கேள்வியாவது கேட்பதுதான் மரியாதை. அந்த ஊரில் பருத்தி எடுத்தது யார்? அவர்கள் வீட்டில் சாவு விழுந்தபோது யார் சமைத்துக் கொண்டுபோனார்கள்?

நீங்கள் இருக்கும் சான் அன்டோனியோவிலிருந்து கார்ப்பஸ் கிறிஸ்டி போகும் வழியில், ஏறக்குறைய நடுவில், த்ரீ ரிவர்ஸ் என்று ஓர் ஊர் இருக்கிறது. ஃபிரியோ, அட்டஸ்கோசா, நியூசஸ் ஆகிய மூன்று ஆறுகள் சேருமிடம். ஒரு காலத்தில் கண்ணாடித் தொழிற்சாலை, பிறகு எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை. பாட்டி விவரித்த மாதிரியான சின்ன ஊர்தான். கொஞ்ச காலமாகவே அந்த ஊர் என் மனதை விட்டுப் போகவில்லை. உங்கள் கடிதம் சாவையும் ஊரையும் சேர்த்துப் பேசியதால்தான் இந்த பதிலே.

அந்த ஊர்க்காரர் ஃபீலிக்ஸ் லாங்கோரியா. மெக்சிகோ வழிவந்த குடும்பம். லாரி ஓட்டினார். மனைவி பியட்ரிஸ், ஒரு சின்ன மகள். ராணுவத்தில் சேர்ந்து, 1945 ஜூனில் பிலிப்பைன்ஸின் லூசோன் தீவில் ஜப்பானியர் சுட்டு இறந்தார். போர் முடிய இரண்டே மாதம் இருந்தது. உடல் எச்சங்கள் அமெரிக்காவுக்குத் திரும்ப 1949 ஆகிவிட்டது. இத்தனை வருடம் காத்திருந்த பியட்ரிஸ் கேட்டது பெரிய விஷயமே இல்லை. ஊரில் இருந்த ஒரே இறுதிச் சடங்கு நிலையத்தின் சேப்பலில், அதாவது பிரார்த்தனைக் கூடத்தில், ஓர் இரவு வைத்திருந்து, உறவினர்கள் வந்து பார்த்துவிட்டு, மறுநாள் அடக்கம் செய்ய வேண்டும்.

சேப்பல் கிடைக்காது என்றார் அந்த நிலையத்தின் உரிமையாளர். முன்பு இப்படி நடந்த சடங்குகளில் குழப்பம் வந்தது என்று ஒரு காரணம் சொன்னார். இன்னொன்று, வெள்ளைக்காரர்களுக்குப் பிடிக்காது.

இந்த இரண்டாவது காரணத்தைக் கொஞ்சம் நின்று பாருங்கள். எனக்குப் பிடிக்காது என்று அவர் சொல்லவில்லை. அவரே போருக்குப் போய்வந்தவர். போர் முடிந்தபிறகு வந்து அந்த நிலையத்தை வாங்கிய வெளியூர்க்காரர். லாங்கோரியாவோடு அவருக்கு என்ன பகை இருக்க முடியும்? ஊர் என்ன சொல்லும் என்று பயந்தார். நாளைக்கு ஒரு வெள்ளைக்காரர் வீட்டில் சாவு விழுந்தால் தன்னிடம் வருவார்களா என்ற பயம். இத்தனைக்கும் ஊரில் யாரும் வந்து அவரை மிரட்டியதாகத் தெரியவில்லை. மிரட்ட வேண்டிய தேவையே இல்லாத அளவுக்கு ஊர் அவர் மண்டைக்குள் உட்கார்ந்திருந்தது.

இதைத்தான் நான் திரும்பத் திரும்பச் சொல்வேன், உங்களுக்கு அலுத்தாலும் பரவாயில்லை. சாவு வீட்டுக்குக் குழம்பு கொண்டுபோகாவிட்டால் ஊர் என்ன சொல்லும் என்ற பயமும் சேப்பலைத் திறந்தால் ஊர் என்ன சொல்லும் என்ற பயமும் ஒரே அடுப்பில் வெந்தவை. ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு வந்து ‘எவ்வளவு அழகான சமூகம்’ என்று கண்ணீர் விடுவதற்கு நமக்கு உரிமை இல்லை. அங்கே எல்லோரும் நல்லவர்களாகவே இருந்திருக்கலாம். அப்படியே வைத்துக்கொள்வோம். நல்லவர்கள் நிறைந்த ஊரில்தான் கல்லறைத் தோட்டத்துக்கு நடுவே முள்கம்பி வேலி போட்டு, அந்தப் பக்கம் ‘மெக்சிகன்’ பிணங்கள் என்று வைத்திருந்தார்கள். பள்ளியும் அப்படித்தான். மெக்சிகோ வழிவந்த பிள்ளைகளைத் தனிப் பள்ளியில் பிரித்துவைப்பது செல்லாது என்று டெக்சஸில் ஒரு நீதிமன்றம் டெல்காடோ வழக்கில் சொல்வதற்கு 1948 ஜூன் ஆகிவிட்டது. போர்க்காலத்தில் அமெரிக்காவின் வயல்களுக்கு ஆள் அனுப்பிய மெக்சிகோ அரசு, டெக்சஸுக்கு மட்டும் அனுப்ப மாட்டேன் என்று மறுத்தது. அவ்வளவு கெட்ட பெயர். நம் ஊர்ச் சுடுகாட்டுப் பாதைகளைப் பற்றி நான் இங்கே எழுதப் போவதில்லை. உங்களுக்கே தெரியும்.

மீதிக் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பியட்ரிஸின் தங்கை சாரா மொரேனோ, கார்ப்பஸ் கிறிஸ்டியில் இருந்த டாக்டர் ஹெக்டர் கார்சியாவிடம் போனார். இவரும் போரிலிருந்து திரும்பிய மருத்துவர். முந்தைய வருடம்தான் மெக்சிகோ வழிவந்த முன்னாள் வீரர்களுக்காக அமெரிக்கன் ஜி.ஐ. ஃபோரம் என்ற அமைப்பைத் தொடங்கியிருந்தார். கார்சியா அந்த உரிமையாளருக்குத் தொலைபேசியில் பேசினார். பேசும்போது தன் செயலாளரை இன்னொரு இணைப்பில் கேட்கவைத்து, வார்த்தை விடாமல் குறிப்பெடுக்கச் சொன்னார். பதில் அதேதான். உடனே அரசியல்வாதிகளுக்கெல்லாம் தந்தி பறந்தது.

அப்போதுதான் செனட்டராகியிருந்த லிண்டன் ஜான்சன் பதில் தந்தி அனுப்பினார். தனியார் சடங்கு நிலையத்தின் மேல் தனக்கு அதிகாரம் இல்லை, ஆனால் தலைநகர் வாஷிங்டனை ஒட்டிய ஆர்லிங்டன் தேசியக் கல்லறையில் முழு ராணுவ மரியாதையோடு அடக்கம் செய்ய ஏற்பாடு செய்துவிட்டேன் என்றார். 1949 ஜனவரி 11 அன்று ஒரு பள்ளிக்கூடத்தில் திரண்டிருந்த ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு முன்னால் கார்சியா அதைப் படித்துக் காட்டினார். பிப்ரவரி 16 அன்று ஆர்லிங்டனில் அடக்கம் நடந்தது. ஜான்சனும் அவர் மனைவியும் வந்திருந்தார்கள்.

இதை வெற்றிக் கதையாகச் சொல்பவர்கள் உண்டு. ஒரு வகையில் வெற்றிதான். கார்சியாவின் அமைப்பு அதற்குப் பிறகுதான் நாடு முழுக்க அறியப்பட்டது. ஆனால் எனக்கு ஆறவில்லை. அந்தப் பெண் கேட்டது ஆர்லிங்டன் இல்லை. தன் ஊரில் ஓர் அறையைக் கேட்டாள். ஊர் கொடுக்காததை நாடு கொடுத்தது. ஆனால் ஆர்லிங்டன் டெக்சஸிலிருந்து ஆயிரத்துச் சொச்சம் மைல். நினைத்தபோது ஒரு கைப்பிடிப் பூவோடு நடந்து போய்வர முடியாது. அப்புறம் டெக்சஸ் சட்டமன்றம் ஒரு குழு போட்டு விசாரித்தது. அங்கே பாகுபாடு எதுவும் நடக்கவில்லை என்று பெரும்பான்மை முடிவு செய்தது. ஃபிராங்க் ஓல்டார்ஃப் என்ற ஓர் உறுப்பினர் மட்டும் அதில் கையெழுத்துப் போட மறுத்தார். ஊர்க்காரர்கள் பலருக்கோ, நடந்ததைவிட, ஊர்ப் பெயர் செய்தித்தாளில் வந்ததுதான் பெரிய குறையாகத் தெரிந்தது. அந்தக் கோபம் தலைமுறை தாண்டியும் இருந்தது.

அப்படி ஒரு சமூகத்தை மறுபடி உண்டாக்க முடியாதா என்று கேட்டிருந்தீர்கள். அப்படியே எதற்கு உண்டாக்க வேண்டும்? அன்று அந்த ஊரில் நீங்கள் இருந்திருந்தால் வேலியின் எந்தப் பக்கம் நின்றிருப்பீர்கள் என்று நினைக்கிறீர்கள்? கேட்பதற்குக் கடுமையாக இருக்கும். கேட்காமல் விட முடியவில்லை.

எங்கே தொடங்குவது என்றால் அந்தப் பாட்டியிடமே தொடங்குங்கள். இன்னொரு முறை போங்கள், சீக்கிரம் போங்கள், தொண்ணூறு வயது. சனிக்கிழமை கடைத்தெருவில் யார் யார் எந்தப் பக்கம் நின்றார்கள், சினிமாக் கொட்டகையில் யார் எங்கே உட்கார்ந்தார்கள், ஊருக்கு எத்தனை கல்லறைத் தோட்டம் என்று கேளுங்கள். குற்றம் சாட்டுகிற குரலில் கேட்காதீர்கள். அவர் அப்போது ஒரு குழந்தை. தெரிந்ததைச் சொல்வார், ஒருவேளை இத்தனை வருடமாகச் சொல்லாமல் வைத்திருந்ததையும் சொல்வார். அதைப் பதிவு செய்துகொள்ளுங்கள்.

அதற்கு முன்னால் ஒன்று. அப்பாவுக்கு வருடம் முடியப்போகிறது என்று நினைக்கிறேன். அன்றைக்கு வீட்டில் ஏதாவது சமைப்பீர்கள் அல்லவா? ஒரு பாத்திரத்தில் எடுத்துக்கொண்டு போய்ப் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுங்கள். என் அப்பா இறந்துவிட்டார், அவருக்குப் பிடித்த சாப்பாடு இது என்று சொல்லுங்கள். அவர் யாராக இருந்தாலும் சரி. அவருக்குத் தெரியாததற்கு நீங்கள் சொல்லாததும் ஒரு காரணம்.