மட் வரி: கடனுக்கு ஒப்புதல் தந்தது யார்?

கேள்வி: ஹியூஸ்டனுக்கு வெளியே புதுக் குடியிருப்பில் வீடு வாங்கினோம். கவுண்டி வரி, பள்ளி வரி போதாதென்று ‘மட் வரி’ என்று தனியாக ஒன்று வருகிறது. குழாயும் சாக்கடையும் போட்டது டெவலப்பர். அந்தச் செலவை நாங்கள் ஏன் சுமக்க வேண்டும்? இது பகல் கொள்ளை இல்லையா?

— ஒரு வாசகர், டெக்சாஸ்

பதில்: கொள்ளை இல்லை. ஆனால் நீங்கள் கோபப்பட வேண்டிய இடம் வேறு.

நகர எல்லைக்கு வெளியே குடிநீரும் கழிவுநீர்க் குழாயும் கொடுக்க மாநகராட்சி வராது. கவுண்டியும் பெரும்பாலும் அதைச் செய்வதில்லை. அதற்காகத்தான் டெக்சாஸில் ‘மட்’ (MUD, Municipal Utility District) என்ற மாவட்டங்களை அமைக்கிறார்கள். ஒரு குடியிருப்புப் பகுதிக்குக் குடிநீர், கழிவுநீர் வசதி தர வரி விதிக்கும் சிறு உள்ளாட்சி அமைப்பு அது. டெவலப்பர் முதலில் தன் பணத்தைப் போட்டு வேலையை முடிக்கிறார். வீடுகள் எழும்பியதும் மாவட்டம் கடன் பத்திரம் விற்று அவருக்குத் திருப்பித் தருகிறது. அந்தக் கடனைத்தான் ஆண்டுதோறும் நீங்கள் அடைக்கிறீர்கள். 100 டாலர் மதிப்புக்கு 80 சென்ட் என்று வைத்தால், 4 லட்சம் டாலர் வீட்டுக்கு ஆண்டுக்கு 3,200 டாலர். வாங்குபவரிடம் இதை எழுத்தில் தெரிவித்தாக வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. கையெழுத்துப் போட்ட கட்டுக் காகிதங்களுக்குள் உங்களுடையதும் இருக்கும், எடுத்துப் பாருங்கள்.

இவ்வளவு கடன் வாங்கலாம் என்று ஒப்புதல் தந்தது யார்? அதைக் கேளுங்கள். மாவட்டம் தொடங்கும்போது அது வெற்று நிலம். தேர்தல் நடத்த வாக்காளர் வேண்டுமே என்று ஒன்றிரண்டு பேரைத் தற்காலிகமாக அங்கே குடிவைத்த கதைகள் டெக்சாஸில் ஏராளம். அவர்கள் போட்ட ஓட்டில், பிறகு வரும் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் பல பத்தாண்டுகளுக்குக் கடன்காரர்கள் ஆகிறார்கள். அந்தக் கடனை அடைக்கும் வரிக்கு உச்சவரம்பும் கிடையாது. சட்டப்படி சரி என்பதால் இதை நியாயம் என்று ஏற்க என்னால் முடியாது. குடியேற்றம் ஓர் அளவைத் தாண்டியதும், இன்னும் விற்காத பத்திரங்களுக்கு அங்கே வாழ்பவர்களிடம் மறுபடி வாக்குக் கேட்க வேண்டும். அப்படிச் சட்டம் வர நம்மவர்கள் குரல் கொடுக்க வேண்டும்.

அதுவரை சும்மா இருக்கவும் வேண்டாம். மாவட்டத்தை நடத்துவது ஐந்து பேர் கொண்ட இயக்குநர் குழு. இரட்டைப்படை ஆண்டுகளில் அதற்குத் தேர்தல். பல இடங்களில் போட்டியே இருப்பதில்லை. விசாவில் இருப்பவருக்கு ஓட்டு இல்லை, உண்மைதான். ஆனால் கூட்டத்துக்குப் போகலாம். நிகழ்ச்சி நிரலில் உள்ள எதைப் பற்றியும் பேச விரும்பும் எவரையும் பேச அனுமதிக்க வேண்டும் என்று 2019-இல் மாநிலச் சட்டம் திருத்தப்பட்டிருக்கிறது. குடியுரிமை பெற்றவர்கள் தேர்தலில் நிற்கவே செய்யலாம்.

வரி விகிதத்தை முடிவு செய்யும் கூட்டம் பெரும்பாலும் செப்டம்பர், அக்டோபர் வாக்கில் வரும். பக்கத்து வீட்டாரையும் அழைத்துக்கொண்டு போங்கள். ஒப்புதல் பெற்ற கடனில் இன்னும் எவ்வளவு மிச்சம், அடுத்த பத்திரம் எப்போது, பழைய கடனைக் குறைந்த வட்டிக்கு மாற்ற வழி உண்டா என்ற மூன்றையும் கேட்டு, பதிலைக் கூட்டக் குறிப்பில் பதியச் சொல்லுங்கள்.