முதல் நோயாளியை அழைக்கும் முன்

கேள்வி: ஒவ்வொரு கேஸுக்கும் உலக சுகாதார நிறுவனத்தின் சர்ஜரி செக்லிஸ்டை நிரப்புகிறோம். அதற்கு மேல் காலையில் டீம் பிரீஃபிங் (ஆபரேஷன்களைத் தொடங்கும் முன் குழுவாகக் கூடிப் பேசுவது) எதற்கு? (தியேட்டர் ஸ்டாஃப் நர்ஸ், மதுரை)

பதில்: இரண்டின் வேலையும் வேறு. 2008-ல் வந்த அந்த 19 அம்சப் பட்டியல் ஒரு நோயாளிக்கானது. மயக்க மருந்துக்கு முன், தோலைக் கீறும் முன், தியேட்டரை விட்டு அனுப்பும் முன் என மூன்று இடங்களில் நம்மை நிறுத்துகிறது. பிரீஃபிங் அன்றைய ஆபரேஷன் லிஸ்ட் முழுவதற்கும். பிரிட்டனில் 2010-ல் பாதுகாப்பான ஆபரேஷனை ஐந்து படிகளாக வகுத்தபோது, அந்த மூன்றுக்கும் முன்னால் பிரீஃபிங்கையும் கடைசியில் டீபிரீஃபிங்கையும் (லிஸ்ட் முடிந்தபின் கூடிப் பேசுவது) சேர்த்தார்கள். தேவையான சைஸில் இம்ப்ளான்ட் (உடலுக்குள் வைக்கும் செயற்கை பாகம்) வரவில்லை என்பது கீறும் முன்தான் தெரிந்தால், நோயாளி ஏற்கெனவே மயக்கத்தில் இருப்பார். காலையிலேயே தெரிந்தால் ஒரு போனில் முடியும், அல்லது வரிசையை மாற்றிக்கொள்ளலாம்.

வெறும் டிக் போடுவதால் பலனில்லை என்பதற்கும் சான்று உண்டு. டெல்லி உட்பட எட்டு நகரங்களில் நடந்து 2009-ல் வெளியான ஆய்வில், செக்லிஸ்டுக்குப் பிறகு இறப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8 ஆகக் குறைந்தது. கனடாவின் ஒன்டாரியோவில் அதைக் கட்டாயமாக்கிய பின் 101 மருத்துவமனைகளைப் பார்த்த 2014 ஆய்வில் அப்படிக் குறிப்பிடத்தக்க குறைவு தெரியவில்லை. தாளை எல்லோரும் நிரப்பிவிடலாம். ஒருவர் சொல்வதை மற்றவர் காது கொடுத்துக் கேட்டார்களா என்பதுதான் விஷயம்.

கேள்வி: எவ்வளவு நேரம், என்ன பேசுவது? (அனஸ்தீஷியா முதுநிலை மாணவர், கோவை)

பதில்: ஐந்து முதல் பத்து நிமிடம் போதும். முதல் நோயாளியை வார்டிலிருந்து அழைக்கும் முன், தியேட்டருக்குள்ளேயே. சர்ஜன், மயக்க மருந்து டாக்டர், ஸ்க்ரப் நர்ஸ் (சர்ஜனுக்குக் கருவி எடுத்துத் தருபவர்), சர்க்குலேட்டிங் நர்ஸ் (தேவையான பொருளைக் கொண்டுவந்து தருபவர்), டெக்னீஷியன் எல்லோரும் கைவேலையை நிறுத்திவிட்டு நிற்க வேண்டும். பெயரையும் வேலையையும் சொல்லித் தொடங்குங்கள். அன்றைக்குப் புதிதாக வந்தவர் பின்னால் வாய்திறக்க இதுவே உதவும்.

சர்க்கரை நோயுள்ள ஒருவருக்கு வலது முழங்கால் மாற்று என்று வைத்துக்கொள்வோம். சர்ஜன் சொல்ல வேண்டியவை: எந்தப் பக்கம், டூர்னிகே (ரத்த ஓட்டத்தை நிறுத்தத் தொடையை இறுக்கும் பட்டை) உண்டா, சிமென்ட் (இம்ப்ளான்டை எலும்போடு பொருத்தும் பசை) உண்டா, இம்ப்ளான்டில் எந்தெந்த அளவு கைவசம் வேண்டும், எவ்வளவு ரத்தம் போகலாம். அரை லிட்டருக்கு மேல் (குழந்தைக்கு கிலோவுக்கு 7 மி.லி.) என்றால் இரண்டு ஐ.வி. லைன் வேண்டும். க்ராஸ்மேட்ச் (ஏற்றப்போகும் ரத்தம் நோயாளிக்குப் பொருந்துமா என்ற சோதனை) செய்ய சுமார் முக்கால் மணி நேரம் பிடிக்கும் என்பதால் சாம்பிள் அப்போதே போக வேண்டும். மயக்க மருந்து டாக்டர் கேட்க வேண்டியது, சர்க்கரை நோய் மாத்திரையான டாபாகிளிஃப்ளோசின் நிறுத்தி மூன்று நாளாவது ஆயிற்றா என்பது. ஆகவில்லை என்றால், சர்க்கரை அளவு சாதாரணமாக இருக்கும்போதே கீட்டோஅசிடோசிஸ் (ரத்தத்தில் அமிலம் ஏறும் ஆபத்தான நிலை) வரலாம். செஃபசோலின் என்ற ஆன்டிபயாட்டிக் கீறலுக்கு முந்தைய 60 நிமிடத்துக்குள், டூர்னிகே ஏற்றும் முன்பே முழுதாகப் போயிருக்க வேண்டும். ஏற்றிய பிறகு கொடுத்தால் மருந்து காலுக்குப் போய்ச் சேராது. சிமென்ட் வைக்கும்போது பி.பி. சட்டென்று இறங்கலாம். எனவே வைக்கும் முன் சர்ஜன் குரல் கொடுப்பார் என்பதையும் காலையிலேயே பேசிவிடுங்கள்.

வரிசையையும் பாருங்கள். லேடெக்ஸ் (ரப்பர் கையுறை போன்றவற்றில் இருப்பது) அலர்ஜி உள்ளவர் முதலில், சர்க்கரை நோயாளிகள் காலையிலேயே, சீழ் பிடித்த புண் கடைசியில். இரண்டு தியேட்டருக்கு ஒரே சி-ஆர்ம் (ஆபரேஷன் நடக்கும்போதே பார்க்கும் எக்ஸ்ரே கருவி) என்றால் யாருக்கு எப்போது என்பதை இங்கேயே முடிவு செய்ய வேண்டும்.

கேள்வி: பிரீஃபிங் நடக்கிறது, ஆனால் சர்ஜன் மட்டுமே பேசுகிறார். (தியேட்டர் இன்சார்ஜ், திருச்சி)

பதில்: “எல்லாம் ரெடியா?” என்று கேட்டால் “ரெடி சார்” என்றுதான் பதில் வரும். “இன்றைக்கு எது இல்லை?” என்று கேட்கச் சொல்லுங்கள். ஸ்க்ரப் நர்ஸை முதலில் பேச விடுங்கள். எந்தக் கருவி செட் இன்னும் ஆட்டோகிளேவிலிருந்து (நீராவியால் கிருமி நீக்கும் இயந்திரம்) வரவில்லை என்பது அவருக்குத்தான் தெரியும்.

லிஸ்ட் நடுவில் மாறுவதுதான் எங்களுக்கு மிகவும் கவலை தரும் விஷயம். இடம், வலம் தவறும் ஆபத்து அங்கே அதிகம். மாறினால் தியேட்டரிலும் வார்டிலும் உள்ள பழைய பிரதிகள் எல்லாவற்றையும் கிழித்துவிட்டு, புதிதாக அச்சிட்டு, மாற்றத்தை எல்லோர் முன்னிலும் வாய்விட்டுச் சொல்லுங்கள். பக்கத்தைச் சுருக்கெழுத்தில் எழுதாமல் ‘வலது’, ‘இடது’ என்று முழுதாக எழுதுங்கள்.

கேள்வி: டீபிரீஃபிங்கும் அவசியமா? (ஓ.டி. டெக்னீஷியன், சேலம்)

பதில்: அவசியம், ஆட்கள் கலையும் முன் மூன்று நிமிடம் போதும். காட்டரி பென்சில் (மின்சாரச் சூட்டால் ரத்தக் கசிவை நிறுத்தும் கருவி) வேலை செய்யவில்லை, செட்டில் ஒரு ஆர்ட்டரி ஃபோர்செப்ஸ் (ரத்தக் குழாயைப் பிடிக்கும் இடுக்கி) குறைவு என்பதை நோட்டில் எழுதி, சரிசெய்ய வேண்டியவரின் பெயரையும் தேதியையும் பக்கத்திலேயே குறியுங்கள். பெயர் இல்லாத குறை அடுத்த வாரமும் அப்படியே இருக்கும். மறுநாள் பிரீஃபிங்கில் முதலில் அந்தப் பக்கத்தைப் படியுங்கள்.