மூளைத்தண்டுக் கட்டி: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: எங்கள் உறவினர் வீட்டுச் சிறுவனுக்கு மூளைத்தண்டில் டி.ஐ.பி.ஜி. என்னும் கட்டி இருக்கிறது. அறுவை சிகிச்சை இயலாது என்று மருத்துவர்கள் கூறிவிட்டார்கள். புற்றுநோய்க்கு எத்தனையோ மருந்துகள் வந்த பிறகும் இதற்கு மட்டும் ஏன் இந்த நிலை?
– வாசகி, நாமக்கல்

பதில்: மூச்சு, விழுங்குதல், கண்ணசைவு, முக அசைவு ஆகியவற்றுக்கான நரம்புகள் நெருங்கி அமைந்த, மூளைத்தண்டின் பான்ஸ் என்ற பகுதியில், நலமான நரம்பிழைகளுக்கு இடையே கலந்து பரவும் கட்டி இது, எது கட்டி, எது மூளை என்று பிரித்து வெட்டியெடுக்க வழியில்லை. கதிர்வீச்சு சில மாதங்கள் நிவாரணம் தரும். பிறகு கட்டி மீண்டும் வளர்கிறது. பெரும்பாலான குழந்தைகள் நோய் கண்டறியப்பட்டபின் ஓராண்டளவே வாழ்கிறார்கள் என்பதை உங்களுக்கு எழுதும்போது மனம் கனக்கிறது. நிலவில் முதலில் கால்பதித்த நீல் ஆம்ஸ்ட்ராங்கின் மகள் கேரன் மூன்று வயது நிறையும் முன்பே, 1962இல், இந்நோயால் இறந்தாள். அவளுக்கு அளிக்கப்பட்ட கதிர்வீச்சே இன்றும் முதன்மைச் சிகிச்சை.

இந்தத் தேக்கத்துக்கு முக்கியக் காரணம், ஆய்வு செய்யத் திசு கிடைக்காததுதான். மூளைத்தண்டில் ஊசி செலுத்தித் திசு எடுப்பது ஆபத்து என்று மருத்துவர்கள் நெடுங்காலம் தவிர்த்து வந்தார்கள். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நரம்பியல் மருத்துவர் மிஷெல் மோன்ஜே, மகவை இழந்த பெற்றோர் தானமளித்த திசுவிலிருந்து கட்டிச் செல்களை ஆய்வகத்தில் வளர்த்தெடுத்து, அந்த ஆய்வை 2011இல் வெளியிட்டார். அடுத்த ஆண்டே வேறு குழுக்கள், இக்கட்டிகளில் பெரும்பாலானவற்றில் டி.என்.ஏ. இழை சுற்றப்பட்டிருக்கும் ஹிஸ்டோன் புரதத்துக்குரிய மரபணுவில் ஒரே இடத்தில் மாற்றம் இருப்பதைக் கண்டன. அந்தத் துயரத்துக்கு நடுவிலும் திசு தர ஒப்புக்கொண்ட பெற்றோரை இந்த ஆய்வின் பங்காளிகள் என்றே நான் கருதுகிறேன்.

கேள்வி: மூளையின் இயக்கமே இக்கட்டியை வளர்க்கிறது என்று படித்தேன். அப்படியானால் குழந்தையைப் படிக்கவும் விளையாடவும் விடாமல் ஓய்வாக வைத்திருக்க வேண்டுமா?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: வேண்டவே வேண்டாம். உறக்கத்திலும் நரம்பணுக்கள் இயங்கிக்கொண்டுதான் இருக்கின்றன. விளையாட்டைத் தடுப்பதால் குழந்தையின் மகிழ்ச்சிதான் பறிபோகும், கட்டி பட்டினி கிடக்காது.

நீங்கள் படித்தது மோன்ஜே குழுவின் 2015ஆம் ஆண்டு ஆய்வாக இருக்கலாம். நோயாளியிடமிருந்து பெற்ற கிளியோமா (டி.ஐ.பி.ஜி.யும் சேர்ந்த மூளைக்கட்டி வகை) செல்களைச் சுண்டெலியின் மூளையில் வைத்து, அருகிலுள்ள நரம்பணுக்களை ஒளியைப் பாய்ச்சித் தூண்டியபோது கட்டிச் செல்கள் கூடுதலாகப் பெருகின. தூண்டப்பட்ட மூளைத்துண்டு ஊறியிருந்த திரவத்துக்கும் அதே விளைவு இருந்ததால், அதற்குள் என்ன இருக்கிறது என்று தேடி, நியூரோலிஜின்-3 என்ற புரதத்தைக் கண்டார்கள். அப்புரதம் இல்லாதபடி வளர்க்கப்பட்ட எலிகளில் இக்கட்டிகள் மாதக்கணக்கில் வளராமல் நின்றன என்பது 2017இல் தெரியவந்தது. 2019இல் வந்த முடிவு இன்னும் வியப்பானது: நரம்பணுக்கள் தமக்குள் செய்தி பரிமாறும் சினாப்ஸ் இணைப்புகளைக் கட்டிச் செல்களோடும் ஏற்படுத்துகின்றன, அவ்வழியே வரும் மின்துடிப்பு கட்டியை வளரத் தூண்டுகிறது. ஜெர்மனியின் ஹைடல்பெர்க் குழுவும் அதே சமயத்தில் இதைக் கண்டறிந்தது. ஆய்வாளர்கள் தேடுவது மூளையை அடக்கும் வழியை அல்ல. கட்டிக்குப் போகும் அந்தச் செய்தியை மட்டும் துண்டிக்கும் மருந்தை. வலிப்புநோய்க்கு ஏற்கெனவே பயன்படும் பெராம்பனெல் எலிகளில் கட்டியின் வளர்ச்சியைக் குறைத்தது.

கேள்வி: கார்-டி செல் சிகிச்சையால் ஒரு நோயாளிக்குக் கட்டி முழுவதும் மறைந்ததாமே? நம்பலாமா?
– வாசகி, கோயம்புத்தூர்

பதில்: செய்தி உண்மைதான். இக்கட்டிச் செல்களின் மேற்பரப்பில் ஜி.டி.2 என்ற மூலக்கூறு மிகுந்திருப்பதை மோன்ஜே, கிரிஸ்டல் மேக்கால் ஆகியோரின் குழுக்கள் 2018இல் கண்டறிந்தன. நோயாளியின் நோயெதிர்ப்பு அணுக்களான டி செல்களையே அதைத் தாக்கும்படி மாற்றி, முதலில் இரத்தத்திலும் பின்னர் மூளையறைகளிலும் செலுத்துகிறார்கள். 2024இல் வெளியான முடிவுகளின்படி, சிகிச்சை பெற்ற 11 பேரில் 9 பேருக்குப் பயன் தெரிந்தது. நால்வருக்குக் கட்டி பாதிக்கும் மேல் சுருங்கியது. அவர்களில் ஒருவருக்கு முழுவதும் மறைந்தது. ஆனால் இது இன்னும் சோதனை நிலையில் உள்ளது. செல்கள் தாக்கும்போது ஏற்படும் வீக்கம் மூளைத்தண்டில் உயிருக்கே ஆபத்தாகலாம் என்பதால், தீவிரக் கண்காணிப்பு இல்லாத இடத்தில் இதைச் செய்யவே கூடாது. 'உடனே செய்து தருகிறோம்' என்று பணம் கேட்பவர்களை நம்பாதீர்கள்.

ஹிஸ்டோன் மாற்றமுள்ள இவ்வகைக் கட்டி சிகிச்சைக்குப் பிறகும் வளர்ந்தால் தருவதற்கு, டோர்டாவிப்ரோன் என்ற கேப்சூல் மருந்துக்கு 2025 ஆகஸ்டில் அமெரிக்கா துரித அனுமதி வழங்கியது. எனவே, திசுப் பரிசோதனை இயலுமா, அதில் எச்3 கே27எம் எனப்படும் அந்த ஹிஸ்டோன் மாற்றம் இருக்கிறதா என்று குழந்தைகள் புற்றுநோய் மருத்துவரிடம் தொடக்கத்திலேயே கேளுங்கள். இந்த மருந்தோ சோதனைச் சிகிச்சையோ குழந்தைக்குப் பொருந்துமா என்பது பெரும்பாலும் அந்த முடிவைப் பொறுத்தே அமையும்.