தொட்டியில் நசுக்கிய சிகரெட்

கேள்வி: அந்தேரியில் எங்கள் ஆபீஸ் மொட்டை மாடியில் சிகரெட் பிடிக்க ஓர் இடம் ஒதுக்கி, அழகுக்குப் பிளாஸ்டிக் பூந்தொட்டிகள் வாங்கி வைத்தோம். திங்கட்கிழமை பார்த்தால் ஒரு தொட்டி உருகிக் கிடக்கிறது. கடைக்காரரிடம் பணம் கேட்கலாமா?

பதில்: கேட்க முடியாது. அதில் சிகரெட்டை நசுக்கியது உங்கள் ஆட்கள். நர்சரிக்காரர்கள் இப்போது பெரும்பாலும் தேங்காய் நார்த்தூள் கலவையைத்தான் நிரப்பித் தருகிறார்கள். காய்ந்த நார்த்தூளில் கங்கு விழுந்தால் ஜுவாலையே இல்லாமல் மணிக்கணக்கில் கனன்று, எல்லோரும் வீட்டுக்குப் போன பிறகு பற்றும். "தொட்டியிலும் அணைத்துக்கொள்ளலாம் சார்" என்று சொல்லி விற்பவர்களைக் கண்டால் எனக்கு ஆத்திரம் வருகிறது. மணல் நிரப்பிய, கனமான இரும்புச் சாம்பல் தொட்டி வாங்குங்கள். குப்பைக்கூடை அதன் பக்கத்தில் வேண்டாம். துண்டுகளைத் தண்ணீரில் நனைத்த பிறகே கொட்டச் சொல்லுங்கள். அப்புறம், மேலே மூங்கில் தட்டியோ தார்ப்பாயோ இருந்தால் இன்றே கழற்றுங்கள். 2017 டிசம்பர் 29 அன்று நம் மும்பையில் கமலா மில்ஸ் வளாகத்தின் மாடி உணவகத் தீயில் 14 பேர் இறந்தார்கள். ஹூக்கா கரியிலிருந்து பறந்த பொறியே காரணம் என்றது தீயணைப்புத் துறை அறிக்கை.

கேள்வி: ஜெனரேட்டர் ஷெட் பக்கம் நல்ல நிழல். டீசல் கேன்களும் அங்கேதான். என்ன சாம்பல் தொட்டி வாங்கலாம்?

பதில்: எதுவும் வாங்காதீர்கள். இடத்தை மாற்றுங்கள்.

கேள்வி: தாராவியில் சின்னத் தோல் பை பட்டறை வைத்திருக்கிறேன். வாசலில் ஆட்கள் பீடி பிடிக்கும் இடத்தில் மாட்ட இரண்டு தீயணைப்பான் வாங்கினேன். ஐஎஸ்ஐ முத்திரை இல்லை. கடைக்கார சேட் திருப்பி எடுக்க மாட்டேன் என்கிறார். பில்லும் தரவில்லை.

பதில்: மனதைத் தளரவிடாதீர்கள் அண்ணா. செம்பூரில் ஒரு கடையில் நான் வாங்கியதிலும் அழுத்தம் காட்டும் முள் பச்சையில் நின்றது, அழுத்தினால் தூள் வரவில்லை. ஜிபே பதிவும் வாட்ஸ்அப் பேச்சும் உங்களுக்குச் சாட்சி. முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915க்கு போன் செய்து புகார் கொடுங்கள். சுயதொழிலாகப் பிழைப்புக்கு நடத்தும் பட்டறை என்பதால் நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம், இரண்டு வருடத்துக்குள். அடுத்த முறை முத்திரையோடு இருக்கும் சிஎம்/எல் என்ற உரிம எண்ணை, ஐஎஸ்ஐ முத்திரை தரும் அமைப்பின் பிஐஎஸ் கேர் செயலியில் போட்டுப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

கேள்வி: சிகரெட் பிடிக்கும் இடத்தில் விரிக்கச் செயற்கைப் புல் பார்த்தோம். தீப்பிடிக்காது என்கிறார் கடைக்காரர். முன்பணம் தரலாமா?

பதில்: சோதனைச் சான்றிதழைக் கேளுங்கள். அதைக் காட்டினாலும் அந்த இடத்துக்கு சிமென்ட் தரையே போதும்.