படம் எப்படி இருந்துச்சு வாத்யாரே?

போன இதழ்ல, "சமீபத்துல பார்த்த படத்தப் பத்தி கேளுங்க, விமர்சனம்லாம் நமக்கு எழுத வராது, டீக்கடையில பேசுற மாதிரி சொல்றேன்"னு ஒரு வரி போட்டுட்டேன், அவ்ளோதான். வந்த லெட்டரு, வாட்ஸப் எல்லாத்தையும் சேத்துப் பார்த்தா பாதி பேரு ஒரே கேள்வியத்தான் கேட்டுக்கினு இருக்காங்க. அது எதுன்னு உங்களுக்கே தெரியும், கீழ வருது. மீதியில இருந்து பொறுக்கினது இதெல்லாம்.

அண்ணே, டூரிஸ்ட் ஃபேமிலி பார்த்தீங்களா? எங்க வீட்ல எல்லாரும் அழுதாங்க, எனக்கு மட்டும் வரல. என்கிட்ட ஏதாவது கோளாறா?
— வாசகி, தண்டையார்பேட்டை

கோளாறு ஒண்ணியும் இல்லம்மா. எனக்கு மூணு எடத்துல தொண்டை அடைச்சுது, ரெண்டு எடத்துல "ஒரே காலனியில இவ்ளோ நல்லவங்களா, எங்க தெருவுல தண்ணி லாரி வந்தா தெரியும் சேதி"ன்னு சிரிப்பும் வந்துச்சு. இலங்கையில விலைவாசி தாங்காம படகேறி வந்த ஒரு குடும்பம், சென்னையில ஒரு காலனியில ஊரு பேர மறைச்சு குடியிருக்கு, வாயத் தொறந்தா பேச்சு காட்டிக் குடுத்துடும்னு பயம். சசிகுமாரும் சிம்ரனும் புருஷன் பொண்டாட்டியாவே தெரிஞ்சாங்க. டைரக்டர் அபிஷன் ஜீவிந்த்துக்கு இது முதல் படமாம், ஒத்துக்கவே முடியல.

எனக்கு புடிச்சதுக்கு வேற ஒரு காரணம் இருக்கு. படகுல கப்பல்ல வந்து குடியேறின கதை நம்ம பக்கத்துக்கு புதுசா என்ன? 1962ல பர்மாவுல ராணுவ ஆட்சி வந்து கடை கண்ணியெல்லாம் அரசாங்கமே எடுத்துக்கிட்ட அப்புறம் அங்கேர்ந்து வந்த தமிழ் ஆளுங்கதானே வியாசர்பாடி பக்கமெல்லாம் குடியேறினாங்க, அவங்க கொண்டாந்த அத்தோ நூடுல்ஸத்தான் இன்னைக்கு பீச் ஸ்டேஷன் பக்கத்துல ஊரே நின்னு சாப்டுது. என் கூட படிச்சவன் ஒருத்தனோட பாட்டி பர்மாவுல பொறந்தது, கோவம் வந்தா பர்மா பாஷையிலதான் திட்டும், எங்களுக்குப் புரியாது, ஆனா அடி விழப்போவுதுன்னு மட்டும் புரியும். படத்துல இவங்க வாய மூடிக்கினு உக்காந்திருக்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பாட்டி ஞாபகம்தான்.

வட சென்னை 2 எப்போ வாத்யாரே?
— காசிமேடு, கொருக்குப்பேட்டை, திருவொற்றியூர், இன்னும் நெறைய ஊரு

எனக்கு வெற்றிமாறன் ஃபோன் பண்ணி சொல்லல கண்ணுங்களா. நீங்க கேட்டதுல ஒரு நல்லது, ஞாயித்துக்கெழம அந்தப் படத்த மறுபடி போட்டு பார்த்தேன். 2018ல வந்தது, இன்னும் பழசாகல. எல்லாரும் ராஜன், சந்திரா, கப்பல்னு பேசுவாங்க, நான் பார்க்குறது அந்த கேரம் போர்டத்தான். அன்பு கேரம் ஆடுற பையன், ஜெயிலுக்குள்ள கூட போர்டு போட்டு அத வச்சே கதையத் திருப்புவாரு பாருங்க, அது வெளியூர்க்காரனுக்கு வித்தியாசமா தெரியும், நமக்கு அது தெருமுன சமாச்சாரம்.

எங்க சந்துல ஒரு கேரம் கிளப் இருந்துச்சு. கிளப்புன்னா பெருசா நெனச்சிக்காதீங்க, பத்துக்குப் பத்து ரூமு, ஆஸ்பெஸ்டாஸ் கூரை, நடுவுல போர்டு, அதுக்கு நேரா ஒரு குண்டு பல்பு தகர மூடி போட்டு தொங்கும், ஃபேன் கிடையாது, ஏன்னா ஃபேன் போட்டா பவுடர் பறந்துடும். வேர்வ சொட்டும், ஆனா போர்டு மேல ஒரு சொட்டு விழுந்தா பெருசுங்க கொன்னுடும். காலையில மீன் ஏத்தி எறக்கின ஆளு சாயந்திரம் வந்து கைய ரெண்டு வாட்டி சோப்பு போட்டு கழுவினாதான் ஸ்ட்ரைக்கரத் தொட விடுவாங்க. ரெட்டுக்கு 3 பாயிண்ட், 25 வந்தா கேமு, இதுக்கு மேல எந்தக் கணக்கும் தெரியாத ஆளுங்க ரீபவுண்டுல ஆங்கிள் போடும்போது பார்த்தா மெர்சலாயிடுவீங்க. நான் ஒருவாட்டி ரெட்டப் போட்டுட்டு ஃபாலோ காயினுக்கு ஈஸி ஷாட்ட விட்டேன், அத இன்னும் ஒருத்தர் கல்யாண வீட்ல பார்த்தா கூட சொல்லிக் காட்றாரு, முப்பது வருஷம் ஆச்சு.

இதெல்லாம் வெறும் கதையும் கெடையாது. செரியன் நகர் பொண்ணு காசிமா, ஆட்டோ ஓட்டுறவரோட மக, 2024 நவம்பர்ல அமெரிக்காவுல நடந்த கேரம் உலகக் கோப்பையில மூணு தங்கம் வாங்கிச்சு, தமிழ்நாடு அரசு 1 கோடி ரூபா குடுத்துச்சு. அதுக்கு முன்னாடி நம்ம சென்னைக்காரர் மரிய இருதயம், ரெண்டு வாட்டி உலக சாம்பியன், அர்ஜுனா விருது வாங்கினவரு. ஸோ ரெண்டாம் பார்ட் எடுத்தா கத்திய கொஞ்சம் கம்மி பண்ணிட்டு கேரத்த கொஞ்சம் ஜாஸ்தி பண்ணுங்கன்னு நான் கேட்டுக்குறேன், அவரு கேக்க மாட்டாரு.

சார், நான் கோயம்புத்தூர். பெரம்பூர்ல ரூம் எடுத்து ரெண்டு வருஷமா வேலை பார்க்கறேன். சினிமால வர்ற மாதிரி "கஸ்மாலம்"னு ஒருத்தர் கூட திட்டி கேட்டதில்லைங்க. நான் தப்பான ஏரியால இருக்கேனா?
— வாசகர், பெரம்பூர்

கரெக்டான ஏரியாலதான் இருக்கீங்க தம்பி, சினிமாதான் இன்னும் எங்க தாத்தா காலத்துல இருக்கு. நம்ம பாஷைன்னா ஒவ்வொரு டயலாக்குக்கும் முன்னாடி ஒரு "இன்னா", பின்னாடி ஒரு "பா" போட்டா முடிஞ்சுதுன்னு நெனைக்கிறாங்க, அது சமோசாவுக்கு மேல ஜீரா ஊத்துற மாதிரி. நெசமா கவனிச்சீங்கன்னா அடையாளம் வினையில இருக்கும்: வந்துகினு, இஸ்துகினு, இட்டாந்து. அப்புறம் அத்த, இத்த, ஊட்டாண்ட. காலையில "நாஷ்டா துன்னியா"ன்னு கேப்பாங்க பாருங்க, நாஷ்டா உருதுவுல இருந்து வந்தது, நைனா தெலுங்கு, துட்டு டச்சுக்காரன் காசு. துறைமுகம் இருக்குற ஊரு, யாரு வந்து எறங்கினாலும் ஒரு வார்த்தைய வச்சுட்டுப் போயிருக்கான்.

2014ல வந்த மெட்ராஸ் படத்துல ரஞ்சித் இத சரியா புடிச்சிருந்தாரு, யாரும் மிமிக்ரி பண்ற மாதிரியே தெரியாது. காக்கா முட்டையில அந்த ரெண்டு பசங்க பேசுறதும் அப்படித்தான், பக்கத்து வீட்டு பசங்க சண்டை போடுறத ஜன்னல்ல ஒட்டு கேக்குற மாதிரி. சமீபத்துல ஒரு படம் பார்த்தேன், பேரு வேணாம், அதுல ஹீரோயின் வீட்ல நல்ல தமிழ், தெருவுல எறங்கினா மட்டும் "இன்னாமே", செருப்பு போடும்போது பாஷையும் சேத்து போட்டுக்குமோ என்னமோ.

மெய்யழகன் ஓடிடில பார்த்தேன். எங்க வீட்டுக்காரர் பத்து நிமிஷத்துல தூங்கிட்டார். நான் ராத்திரி ஒரு மணி வரைக்கும் உக்காந்து பார்த்தேன். உங்க கட்சி எது?
— வாசகி, ராயபுரம்

உங்க கட்சிதான்மா, ஆனா உங்க வீட்டுக்காரர் மேலயும் தப்பு சொல்ல மாட்டேன், நீளம்தான். ரிலீஸ் ஆன அப்புறம் அவங்களே சுமார் 18 நிமிஷம் வெட்டினாங்க. வெட்டுனதுல எனக்கு வருத்தம்தான், ஏன்னா அந்தப் படமே வெட்டிப்பேச்சுலதான நிக்குது, அத வெட்டுனா எப்படி.

விஷயம் இன்னான்னா, தஞ்சாவூர் வீட்ட விட்டு வந்த அரவிந்த்சாமி பல வருஷம் கழிச்சு ஒரு கல்யாணத்துக்குப் போறாரு, அங்க கார்த்தி வந்து அத்தான் அத்தான்னு ஒட்டிக்கிறாரு, இவருக்கு அவரு யாருன்னே தெரியல, கேக்கவும் கூச்சம். இது எனக்கு அப்படியே நடந்திருக்கு. உங்க ராயபுரத்துல ஒரு கல்யாண மண்டபம், பந்தியில பக்கத்துல உக்காந்த ஆளு "என்ன மாமா எளச்சுட்ட"ன்னு ஆரம்பிச்சாரு, எங்கம்மா போனத கேட்டாரு, என் பொண்ணு காலேஜ் பேரு வரைக்கும் சொல்றாரு, என் எலைல இருந்த மைசூர்பாவ எடுத்து "உனக்கு சுகர் இருக்குல்ல"ன்னு அவரு எலைல போட்டுக்கினாரு. சாப்ட்டு கை கழுவி, பைக் வரைக்கும் வந்து வழியனுப்பி விட்டாரு. யாருன்னு இன்னைய வரைக்கும் தெரியல. வீட்ல வந்து கேட்டா என் பொண்டாட்டி, "உங்க சைடு ஆளாச்சேன்னு நான் பேசாம இருந்தேன்"னு சொல்லுது.

கொட்டுக்காளி பத்தி ஒரு வார்த்தை?
— வாசகர், மாதவரம்

ஒரு வார்த்தை பத்தாது. பின்னணி இசையே கெடையாது படத்துல, ஆட்டோ சத்தம், சேவல், காத்து, அவ்ளோதான். வீட்ல போட்டப்போ கால் மணி நேரம் எங்க மாமியார் ரிமோட்ட எடுத்து சவுண்ட ஏத்தி ஏத்தி பார்த்துட்டு "டிவி போயிடுச்சு, ஆள கூப்டு"ன்னாங்க. ஆனா எழுந்து போகல, கடைசி வரைக்கும் உக்காந்தாங்க. அன்னா பென் படம் பூரா கிட்டத்தட்ட வாயே தொறக்கல பாருங்க, சூரி தொண்டை கட்டின குரல்ல எரிஞ்சு விழுறாரு பாருங்க. படம் முடிஞ்ச எடம் புடிக்கலன்னு மாமியார் மறுநாள் காலையில காப்பி போடும்போது சண்டைக்கு வந்தாங்க, "அந்தப் பொண்ண என்ன பண்ணாங்க, அத சொல்லு மொதல்ல". டைரக்டர் வினோத்ராஜ் நம்பர் யார்கிட்டயாவது இருந்தா குடுங்க.

லப்பர் பந்து ஓவர் ஹைப்பா?
— கல்லூரி மாணவர், எண்ணூர்

இல்ல. அடுத்த கேள்வி.

சரி, ஒண்ணு மட்டும். தினேஷ் பேட்ட தூக்கிக்கினு எறங்கும்போது வர்ற "நீ பொட்டு வச்ச" பாட்டு 1989ல வந்த பொன்மனச் செல்வன் பாட்டு, 35 வருஷம் கழிச்சு எங்க தெரு டென்னிஸ் பால் மேட்ச்சுல பொடிப்பசங்க அவுட் ஆகி வெளிய போகும்போது கூட ஸ்பீக்கர்ல அதப் போடுறானுங்க. அவுட் ஆனவனுக்கு எதுக்குடா பாட்டு.

சார்பட்டா பரம்பரைய தியேட்டர்ல பார்க்காதது எனக்கு இன்னும் ஆறல. உங்களுக்கு?
— வாசகர், புது வண்ணாரப்பேட்டை

ஆறுமா? 2021 ஜூலையில நேரா ஓடிடில வந்துச்சு, கொரோனா நேரம். நம்ம ஏரியா படம், பாக்ஸிங், 70கள் மெட்ராஸ், எமர்ஜென்சி, எல்லாம் இருந்து விசில் அடிக்க எடம் இல்ல. அதுக்கு முந்தின வருஷம்தான் தண்டையார்பேட்டை அகஸ்தியாவ வேற மூடிட்டாங்க, அம்பது வருஷத்துக்கு மேல ஓடின கொட்டாய். அந்த ஸ்க்ரீன்ல ரங்கன் வாத்தியார பின்னாடி உக்கார வச்சு கபிலன் சைக்கிள் மிதிச்சிருந்தா எப்படி இருந்திருக்கும்னு யோசிச்சுப் பாருங்க.

நாங்க மொட்டமாடியில வேட்டி கட்டி, ஒருத்தன் ஆபீஸ்ல இருந்து புரொஜெக்டர் இட்டாந்து பார்த்தோம். டான்ஸிங் ரோஸ் ரிங்குக்குள்ள ஆடிக்கினே எறங்கினாரு பாருங்க, அப்போ காத்து அடிச்சு வேட்டி ஆட, வேட்டியில அவரும் சேந்து ஆட, கீழ் வீட்டுப் பாட்டி ஒண்ணு "யாருடா இவன், எலும்பே இல்ல"ன்னுச்சு. எதிர் மாடி, பக்கத்து மாடி எல்லாம் அதே படம்தான் ஓடுது, ஆனா ஒருத்தனுக்கு நெட் ஸ்லோ, அதனால நாங்க கத்தி முடிச்சு அர நிமிஷம் கழிச்சு அவங்க கத்துறாங்க. செகண்ட் ஆஃப்ல கபிலன் குடிச்சுட்டு சுத்துற நேரம் பாதி பேரு சாப்ட எறங்கிட்டாங்க, அந்த எடம் இழுவைதான், நம்ம ஊரு படம்னு சொல்லி மறைக்க மாட்டேன். துஷாரா, மாரியம்மாவா வந்து புருஷன போட்டுத் தாளிக்கிற சீனுக்கு மட்டும் மாடியில இருந்த பொம்பளைங்க எல்லாம் தட்டோட மேல ஏறி வந்தாங்க.

மகாராஜா பார்க்கலாம்னு இருந்தேன். ஷேர் ஆட்டோவுல ரெண்டு பேர் பேசிக்கிட்டே வந்து கிளைமாக்ஸ் ஃபுல்லா சொல்லிட்டாங்க. இனிமே பார்த்து யூஸ் இருக்கா?
— வாசகி, திருவொற்றியூர்

பாவம்மா நீங்க. அந்தப் படத்துக்கு இத விட பெரிய துரோகம் கெடையாது, ஏன்னா ஒரு குப்பைத்தொட்டி காணாம போச்சுன்னு விஜய் சேதுபதி போலீஸ் ஸ்டேஷன்ல போய் நிக்குறதுல ஆரம்பிச்சு, முன்னப்பின்ன மாத்தி மாத்தி அடுக்கித்தான் அடிக்கிறாரு டைரக்டர் நிதிலன். ஆனாலும் பாருங்க. முடிவு தெரிஞ்சு பார்த்தா முதல் அர மணி நேரத்துல அவரு கண்ணு எங்க போவுதுன்னு தெரியும், நான் ரெண்டாவது வாட்டி பார்த்தப்போதான் அத கவனிச்சேன். அடுத்த வாட்டி மெட்ரோல போங்க, விம்கோ நகர்ல இருந்தே இருக்கு, அதுல எல்லாம் காதுல ஹெட்போன் மாட்டிக்கினு கம்முனு வருவாங்க.

இந்த வாரம் என்ன படம் பார்க்கப் போறீங்க?
— வாசகர், மணலி

சனிக்கெழம நைட் ஷோவுக்கு மூணு டிக்கெட் போட்டிருக்கேன், மாமியார் வர்றேன்னு சொல்லியிருக்காங்க. பாட்டு, ஃபைட்டு, பின்னணி இசை மூணும் இருக்கான்னு ரெண்டு வாட்டி கேட்டு கன்ஃபார்ம் பண்ணிக்கினாங்க.